கேட்டவரும் பெயரிட்டவரும்: அமெரிக்கக் கறுப்பின வரலாற்று ஆவணக் காப்பகங்களில் மாணவர் பணி

1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று லாங் தீவின் கரையோரத்தில் ‘அமிஸ்தாத்’ என்னும் பாய்மரக் கப்பலைக் கைப்பற்றியது. மேற்கு ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டுக் கியூபாவில் விற்கப்பட்ட ஐம்பத்து மூவர், செங்பே பியே என்பவரின் தலைமையில் கிளர்ந்தெழுந்து அக்கப்பலைத் தம் வசப்படுத்தியிருந்தனர். அவர்களுள் உயிருடன் எஞ்சியோர் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரச் சிறையில் அடைக்கப்பட்டனர். இவர்கள் முன்பே கியூபாவில் வாழ்ந்த அடிமைகள் என்று கப்பலில் இருந்த ஸ்பானியர் கூறினர். அதனை மறுத்துரைக்க வேண்டியவர்களின் மொழியோ அந்நகரில் எவருக்கும் விளங்கவில்லை.

யேல் கல்லூரியில் இறையியலும் விவிலிய மொழிகளும் கற்பித்துவந்த ஜோசையா கிப்ஸ் என்பவர், சிறைப்பட்டோரிடம் விரல்களைக் காட்டி ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்ணுப்பெயர்களை அவர்கள் மொழியிலேயே கற்றுக்கொண்டார். பின்னர் நியூயார்க் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகச் சென்று அவ்வெண்களை உரக்கச் சொல்லிவந்தார். பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் பணியாற்றிய ஜேம்ஸ் கோவே என்னும் இளைஞர் அவற்றை இனங்கண்டார். அம்மொழி மெண்டே, சிறுவயதில் தாமும் பிடித்து விற்கப்பட்டு, பிரித்தானியக் கடற்படையால் மீட்கப்பட்டு, சியரா லியோனில் கல்வி பெற்றவர் கோவே. அவர் மொழிபெயர்ப்பாளரானபின் சிறைப்பட்டோரின் வாக்குமூலம் நீதிமன்றத்தை எட்டியது. யேல் மாணவர் சிலர் சிறைக்கே சென்று அவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தனர். 1841 மார்ச் 9-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் அடிமைகள் அல்லர் எனத் தீர்ப்பளித்தது.

வழக்கு நடத்துவதற்காக அமைந்த குழுவின் வழித்தோன்றலாக 1846-இல் அமெரிக்க மிஷனரிச் சங்கம் உருவாயிற்று. உள்நாட்டுப் போருக்குப்பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கெனச் சங்கம் தொடங்கிய கல்வி நிறுவனங்களுள் ஒன்று டெனெசி மாநிலத்து நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம். அங்கே 1966-இல் அச்சங்கத்தின் ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஆய்வு மையம் எழுந்தது. கப்பலின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அம்மையம் 1970-இல் நியூ ஆர்லியன்ஸுக்கு இடம்பெயர்ந்து, 1987 முதல் துலேன் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிவருகிறது. ஒன்றரைக் கோடி ஆவணங்களைக் காக்கும் அமிஸ்தாத் ஆய்வு மையத்தில் ஆண்டுதோறும் மாணவர்கள் பயிற்சிப் பணி ஆற்றுகின்றனர்.

ஆவணக் காப்பகத்தில் பயிற்சி மாணவர் என்றால், பழுத்த ஊழியர் செய்த முடிவுகளை நிறைவேற்றும் கைவேலைக்காரர் என்னும் எண்ணம் பொதுவாக உண்டு. கறுப்பின வரலாற்றுக் காப்பகங்களின் கதை இவ்வெண்ணத்துக்கு மாறாக நிற்கிறது. வாய்ச்சொல்லை எந்த எழுத்தில் ஏற்றுவது, ஒருவரை எந்தப் பெயரால் குறிப்பது, கேட்டும் விளங்காத சொல்லை என்ன செய்வது ஆகிய மூன்று முடிவுகளும் பல நேரங்களில் மாணவர் கையில்தான் இருந்தன. அவை மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் நேரடியாக உரிய சிக்கல்கள்.

கேட்டு எழுதிய மாணவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிமை முறை பற்றிய வரலாறு, பெரும்பாலும் தோட்ட உரிமையாளரின் கணக்கேடுகளையும் கடிதங்களையும் கொண்டே எழுதப்பட்டது. 1918-இல் வெளிவந்த யூ. பி. ஃபிலிப்ஸின் நூல் இப்போக்கின் உச்சம். அடிமைகளாயிருந்தோரின் நினைவுரைகள் நம்பத்தக்கன அல்ல என்பது அவ்வரலாற்றாசிரியர்களின் நிலைப்பாடு. உரிமையாளர் எழுதிவைத்த கணக்கு சான்று, அடிமைப்பட்டவர் வாயால் சொன்னது கதை என்னும் வேறுபாடு அங்கே கேள்வியின்றி ஏற்கப்பட்டது. 1865-இல் சிறுவராயிருந்தோர் எழுபதைத் தாண்டிவிட்ட காலம் அது. சான்றைத் திரட்ட இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியிருந்தன.

இதனை முதலில் உணர்ந்து செயற்பட்டவை பெரிய நூலகங்களோ அரசு நிறுவனங்களோ அல்ல. பணவசதி குறைந்த கறுப்பினக் கல்லூரிகள். ஃபிஸ்கில் மானிடவியலாளர் பால் ராடினின் வழிகாட்டலில், பட்டமேற்படிப்பு மாணவர் ஆண்ட்ரூ வாட்சன் 1927-க்கும் 1929-க்கும் இடையில் முதியோர் பலரின் சமய அனுபவங்களைக் கேட்டு எழுதினார். சமூகவியலாளர் சார்லஸ் ஜான்சனின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய ஒஃபீலியா செட்டில், 1929-ஐ ஒட்டி டெனெசி, கென்டக்கி ஊர்ப்புறங்களில் ஏறத்தாழ நூறு முதியோரைச் சந்தித்தார். இவ்விருவர் சேகரிப்பும் 1945-இல்தான் தட்டச்சுப் படிகளாக வெளிவந்தன. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவை பல்கலைக்கழக அலமாரியிலேயே கிடந்தன என்பது, சேகரிப்பவர் உழைப்புக்கும் அது பயன்படும் காலத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுகிறது.

லூசியானா மாநிலத்தின் சதர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் கேட் மேற்கொண்ட முயற்சி இன்னும் எளியது. 1929-இல் அவர் தம் மாணவர்களை, அவரவர்க்கு அறிமுகமான முதியோரிடம் அனுப்பினார். உணவு, உடை, வேலைநேரம், தண்டனை, திருமணம், வழிபாடு என்னும் அன்றாட நிலைகளைக் கேட்டுவருவதே பணி. எண்பதுக்கும் மேற்பட்டோரின் கூற்றுகள் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு கேட் எழுதிய கட்டுரை 1935-இல் நீக்ரோ வரலாற்று இதழில் வெளிவந்தது. பின்னர் டெக்சாஸின் பிரெய்ரி வியூ கல்லூரியிலும் மாணவரைக் கொண்டே இப்பணியைத் தொடர்ந்தார். இன்று அந்த மூலப்படிகள், அவர் பெயர் தாங்கிய சதர்ன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன.

இம்மாணவர்க்கு ஒலிப்பதிவுக் கருவி இல்லை. மொழியியற் பயிற்சியும் இல்லை. ஆயினும் பின்னாளில் அரசுப் பணத்தில் இயங்கிய பெருந்திட்டத்தின் களப்பணியாளர் பலருக்கு வாய்க்காத ஒன்று அவர்களுக்கு வாய்த்திருந்தது. தகவலாளியும் கேட்பவரும் ஒரே இனத்தார். பல இடங்களில் ஒரே ஊரார். முதியவர் தம் சொல்லைத் திருத்திக்கொண்டு பேச வேண்டிய தேவை அங்கே குறைவு.

ஃபிஸ்கில் பயின்று கென்டக்கி மாநிலக் கல்லூரியில் ஆசிரியரான லாரன்ஸ் ரெட்டிக், இம்முறையை அரசின் வேலையில்லாதோர் நிவாரணத் திட்டத்துடன் இணைக்க 1934-இல் முன்மொழிந்தார். கென்டக்கி, இண்டியானா மாநிலங்களில் ஏறத்தாழ 250 நேர்காணல்கள் நடந்தபின் அது நின்றுபோயிற்று. மாணவராகத் தாம் கண்ட முறையை நாடு முழுவதற்கும் விரிக்க நினைத்த ரெட்டிக், 1939 முதல் நியூயார்க்கின் ஷோம்பர்க் தொகுப்புக்குப் பொறுப்பாளராக விளங்கினார்.

எழுத்தில் ஏறிய வழக்கு

1936 முதல் 1938 வரை கூட்டரசின் எழுத்தாளர் திட்டம் பதினேழு மாநிலங்களில் 2,300-க்கும் மேற்பட்ட நினைவுரைகளைத் திரட்டியது. 1941-இல் அவை காங்கிரஸ் நூலகத்தில் சேர்க்கப்பட்டன. அளவால் இதற்கு ஈடான சேகரிப்பு வேறில்லை. ஆனால் களப்பணியாளருள் பெரும்பாலோர் வெள்ளையர். சிலர் முன்னாள் உரிமையாளர் குடும்பங்களோடு தொடர்புடையோர்.

இதன் விளைவைக் காட்டத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் நூறு வயதைக் கடந்த ஒரு மூதாட்டியின் இரு நேர்காணல்களை வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுவது வழக்கம். 1937-இல் வெள்ளைப் பெண்மணி ஒருவர் கேட்டபோது, மூதாட்டி அவரை உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்தவராகக் கருதினார். தம் எசமானர் நல்லவர் என்றே உரைத்தார். அதே மூதாட்டி கறுப்பினக் களப்பணியாளர் ஒருவரிடம் சாட்டையடிகளையும், குடும்பங்கள் பிரித்து விற்கப்பட்டதையும் விரித்துரைத்தார். ஒரு பதிவில் அவர் பெயர் சூசன் ஹாம்லின். மற்றொன்றில் சூசன் ஹாமில்டன். பெயர் வேறுபட்டதால் இரண்டும் ஒருவருடையனவே என்று அறிய, இரு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர் ஒருவர் தேவைப்பட்டார். பெயரின் எழுத்துக்கூட்டல் காப்பகத்தில் எத்துணை முதன்மையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பேச்சை எழுத்தாக்குவதில் எழுந்த சிக்கல் மொழியியலார்க்கு இன்னும் நெருக்கமானது. அத்திட்டத்தில் கறுப்பின விவகாரங்களின் ஆசிரியராயிருந்த ஸ்டர்லிங் பிரவுன், தாமே கவிஞர். நாட்டார் வழக்கை நுட்பமாகக் கையாண்டவர். வந்து குவிந்த பதிவுகளில் எழுத்துக்கூட்டல் ஒருவருக்கொருவர் முரணாக இருந்ததைக் கண்டு, 1937 ஜூன் மாதத்தில் ஒரு குறிப்புரை வகுத்தார். மரபுத்தொடரும் சொல்லாட்சியும் தவறாது பதியப்பட வேண்டும். ஒலிப்பைத் துல்லியமாகக் காட்டுவது அதற்கு அடுத்தே என்பது அவர் கருத்து. தவிர்க்க வேண்டிய எழுத்துக்கூட்டல்களின் பட்டியலொன்றையும் சேர்த்தார்.

அப்பட்டியலில் நின்று நோக்கத்தக்க ஒரு வகை உண்டு. இறந்தகாலத் துணைவினையான ‘வாஸ்’ என்பதை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஒருவகையாகவே எழுதுவர். களப்பணியாளர் பலர், கறுப்பின முதியவர் சொன்னபோது மட்டும் அதை உகர எழுத்தும் இசட் எழுத்தும் இட்டு எழுதினர். வெள்ளையர் நாவிலும் அச்சொல் ஏறத்தாழ அவ்வாறே ஒலித்தது. எனவே அவ்வெழுத்துக்கூட்டல் எந்த ஒலி வேறுபாட்டையும் காட்டவில்லை. பேசுபவர் கல்லாதவர் என்னும் எண்ணத்தை மட்டும் படிப்பவர் கண்ணில் பதித்தது. ஒலியில் இல்லாத இழிவு எழுத்தில் உண்டாக்கப்பட்டது. இப்பதிவுகளிலிருந்து கறுப்பின ஆங்கிலத்தின் ஒலியியலை மீட்டெடுக்க முனைந்த பிற்காலத்தார் பெரிதும் எச்சரிக்கை கொள்ள நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரவுனின் குறிப்புரை எங்கும் பின்பற்றப்பட்டதாகச் சொல்ல இயலாது. வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் நிறுவன ஆசிரியர் ராஸ்கோ லூயிஸ் தலைமையில், முழுவதும் கறுப்பினத்தாராலேயே ஆன குழு தனியே இயங்கியது. அக்குழுவின் உழைப்பில் அம்மாநிலக் கறுப்பின மக்களைப் பற்றிய நூல் 1940-இல் வெளிவந்தது.

இந்நினைவுரைகளைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர்க்கும் பிரவுனின் எச்சரிக்கை பொருந்தும். கறுப்பின முதியவரின் ஆங்கிலத்தைத் தமிழ்நாட்டின் ஏதேனும் ஒரு வட்டார அல்லது சாதி வழக்கில் ஏற்றிவிட்டால், மூலத்தில் இல்லாத ஒரு சமூக இருப்பிடம் பேசுபவர்க்குக் கிடைத்துவிடும். சொல்லும் தொடரும் வழங்கும் வகையைக் காத்து, எழுத்துக்கூட்டலைச் சிதைக்காது விடுவதே பெரும்பாலும் நேர்மையான வழி.

பகுப்பெண் 326

சேகரித்தால் மட்டும் போதாது. தேடுபவர்க்குக் கிடைக்க வேண்டும். வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு 1914-இல் ஜெசி மூர்லாண்ட் தம் நூற்சேகரிப்பை அளித்தார். அதனை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு 1930-இல் டாரதி போர்ட்டர் என்னும் இளம் நூலகரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவர் தாமே மாணவர் எனலாம்; கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நூலகவியல் முதுநிலைப் பட்டத்தை முடித்தது 1932-இல்தான். அப்பட்டத்தை அங்கே பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணியும் அவரே.

அக்கால நூலகங்கள் பின்பற்றிய டியூயி பகுப்பு முறையில் கறுப்பினத்தாருக்கு நடைமுறையில் இரு எண்களே இருந்தன. 325 குடியேற்றத்துக்கும் 326 அடிமை முறைக்கும் உரியவை. கறுப்பினக் கவிஞர் எழுதிய கவிதை நூலும் கவிதைக்குரிய இடத்தில் வைக்கப்படாமல் 325-இல் சேர்க்கப்பட்டதைப் போர்ட்டர் பின்னாளில் எடுத்துரைத்ததுண்டு. அவர் அம்முறையைக் கைவிட்டு, இலக்கியம், வரலாறு, கலை என்னும் துறைகளின்கீழ் ஆசிரியர் பெயரால் நூல்களை வரிசைப்படுத்தினார். எழுதியவர் அடிமையின் பேரர் என்பதால் எழுதியதெல்லாம் அடிமை முறை பற்றியதாகாது என்பதை ஒரு நூலட்டை வழியே நிலைநாட்டிய செயல் இது. நூல்களை வாங்கப் பணம் ஒதுக்கப்படாத நிலையில், பதிப்பாளர்க்கும் நூல் வணிகர்க்கும் கடிதம் எழுதி நன்கொடை வேண்டினார். 1939-இல் வெளிவந்த நூற்பட்டியல், அரசின் வேலைவாய்ப்புத் திட்டப் பணியாளரைக் கொண்டு தொகுக்கப்பட்டது. 1946-இல் ஆர்தர் ஸ்பிங்கானின் பெருஞ்சேகரிப்பு விலைக்கு வாங்கப்பட்டு மூர்லாண்டு சேகரிப்புடன் இணைந்தது. 1973-இல் ஓய்வு பெறும்வரை போர்ட்டர் அங்கேயே பணியாற்றினார்.

பொருட்தலைப்புகளின் வரலாறும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலில் ‘நீக்ரோக்கள்’ என்னும் தலைப்பு 1970-களின் நடுப்பகுதி வரை நீடித்தது; அமெரிக்கக் கறுப்பினத்தாரைக் குறிக்க அதன் இடத்தில் ‘ஆஃப்ரோ-அமெரிக்கர்’ வந்தது; 2000-ஆம் ஆண்டில் அது ‘ஆப்பிரிக்க அமெரிக்கர்’ ஆயிற்று. மக்கள் வழக்கில் சொல் மாறிப் பல ஆண்டுகள் கழித்தே பட்டியலில் மாறியது. எனவே காப்பகத்தில் ஒரே பொருள் மூன்று படிவுகளாகக் கிடக்கிறது. பழைய சொல்லை அறியாத மாணவர் பழைய ஆவணத்தைக் கண்டடைய மாட்டார். பயிற்சியின் முதல் வாரங்களில் அவர் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இச்சொற்களின் காலவரிசையே.

கறுப்பின நூலகர்க்குரிய கல்வி நிலையங்களோ அருகிவந்தன. ஹாம்ப்டனில் 1925-இல் தொடங்கிய நூலகப் பள்ளி 1939-இல் மூடப்பட்டது. 1941-இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் எழுந்த பள்ளி பல தலைமுறை நூலகரை உருவாக்கி, 2005-இல் முடிவுற்றது. அதன்பின் வரலாற்றுச் சிறப்புடைய கறுப்பினக் கல்வி நிறுவனங்களுள் அங்கீகாரம் பெற்ற நூலகவியல் முதுநிலைப் படிப்பு, வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே எஞ்சியது. பள்ளிகள் மூடப்பட்ட இடத்தைக் கோடைக்காலப் பயிற்சிகள் ஓரளவே நிரப்புகின்றன.

பேழையைத் திறப்பவர்

பயிற்சி மாணவரின் அன்றாடப் பணி வெளிப்பார்வைக்குச் சிறியது. நன்கொடையாக வந்த பெட்டிகளை எண்ணிக் குறித்தல், துருப்பிடித்த குண்டூசிகளையும் கவ்விகளையும் அகற்றுதல், அமிலமற்ற உறைகளில் தாள்களை இடுதல், புகைப்படங்களைத் தனியே பிரித்தல், இறுதியாக விளக்கப்பட்டியல் எழுதுதல். 2000-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முன்முயற்சியால், அந்நகரக் கறுப்பின வரலாற்றுச் சேகரிப்புகள் பல மாணவர் கைகளால் ஒழுங்குபெற்றன. விவியன் ஹார்ஷ் என்னும் நூலகர் 1932 முதல் சிகாகோ பொது நூலகத்தின் ஒரு கிளையில் தொகுத்துவைத்தவை அவற்றுள் அடங்கும். பால்டிமோரில் 1892-இல் தோன்றிய ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்’ செய்தித்தாளின் ஆவணங்களுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மாணவர் பட்டியல் எழுதினர். அவ்விதழை நிறுவிய ஜான் மர்ஃபி அடிமையாகப் பிறந்தவர்.

இப்பணிகளுள் சொல்லோடு தொடர்புடைய பகுதிதான் கடினமானது. ஆவணத்தை உருவாக்கியவர் தாமே இட்ட தலைப்பும், காப்பாளர் இடும் தலைப்பும் வேறு வேறு என்பது ஆவணவியலின் அடிப்படை. முன்னதில் இழிசொல் இருப்பினும் அது சான்று. அழித்தால் எழுதியவரின் மனநிலைக்கு உரிய தடயமும் அழியும். பின்னதில் அதே சொல் வந்தால் காப்பகம் தன் குரலில் அதை வழிமொழிந்ததாகிவிடும். மேற்கோளையும் கூற்றையும் பிரித்தறியும் இத்திறன் மொழிபெயர்ப்பாளர்க்கு நன்கு தெரிந்ததே. ஆனால் இருபது வயது மாணவர், தம் முன்னோரை விலையிட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

பிலடெல்பியா நகரின் ஆவணக் காப்பாளர் குழுவொன்று, இனப்பாகுபாடற்ற விளக்கமுறை பற்றிய கையேடொன்றை 2019-இல் தொகுத்தது. ‘அடிமை’ என்பதினும் ‘அடிமைப்படுத்தப்பட்டவர்’ என எழுதுதல் தக்கது என அது கருதுகிறது. வன்முறையைக் குறிக்கும்போது செயப்பாட்டு வினையைத் தவிர்த்து, செய்தவரை எழுவாயாக்குமாறும் வேண்டுகிறது. இன்னார் கொல்லப்பட்டார் என்னும் வாக்கியத்தில் கொன்றவர் இலக்கணத்தாலேயே மறைந்துவிடுகின்றனர் என்பது இதன் அடிப்படை.

தமிழில் இவ்விரு பரிந்துரைகளும் ஒன்றோடொன்று மோதுவது கவனிக்கத்தக்கது. ‘அடிமைப்படுத்தப்பட்டவர்’ என்னும் சொல்லே படு விகுதி பெற்ற செயப்பாட்டு வடிவம். அடிமைப்படுத்தியவர் அதில் இல்லை. மறுபுறம், ‘கொன்றனர்’ என்னும் தமிழ் வினைமுற்று, எழுவாய் வெளிப்படாதபோதும் தன் விகுதியால் கொன்றவர் பலர் என்பதையும் அவர்கள் மனிதர் என்பதையும் காட்டிவிடுகிறது. ஆங்கிலம் கூடுதற் சொல்லால் செய்வதைத் தமிழ் விகுதியால் செய்யும். மேலும் ‘அடிமை’ என்பது வைணவ மரபில் இறைத்தொண்டைக் குறித்து உயர்பொருள் பெற்ற சொல். விலைக்கு விற்கப்பட்ட மனிதரைக் குறிக்க அதையே ஆளும்போது, இடம் நோக்கித் தெளிவுபடுத்துதல் மொழிபெயர்ப்பாளரின் கடனாகிறது.

ஊதியம் பற்றியும் கூறியாக வேண்டும். பயிற்சிப் பணி பல காப்பகங்களில் நெடுங்காலம் ஊதியமின்றியே நடந்தது. கோடையில் உழைத்துப் படிப்புச் செலவைத் தேட வேண்டிய மாணவர் அதில் சேர இயலாது. எந்தச் சமூகத்தின் ஆவணம் பேழையில் இருக்கிறதோ, அச்சமூகத்து மாணவரே அதைத் திறக்க வாய்ப்பற்றுப் போகும் நிலை இதனால் ஏற்பட்டது. கறுப்பினக் கல்லூரி நூலகங்களின் கூட்டமைப்பு, 2002-இல் தோன்றியபின், உதவித்தொகையுடன் கூடிய பயிற்சிகளில் கருத்துச் செலுத்தியதன் காரணம் இதுவே. தொண்டு மனப்பான்மையின் பெயரால் இக்குறையை மறைப்பது நேர்மையன்று. கேட் தம் மாணவரை அனுப்பிய பயன், அவர்கள் அந்த முதியோரின் உறவு வட்டத்தைச் சேர்ந்தவர்களாயிருந்ததால்தான் விளைந்தது.

விளங்காத பாட்டு

வாய்மொழி வரலாற்று ஒலிநாடாக்களை எழுத்தாக்கும் மாணவர்க்கு முதலில் கூறப்படும் விதி, கேட்காத சொல்லை ஊகித்து நிரப்பலாகாது என்பது. விளங்காத இடத்தை விளங்காத இடமாகவே குறிக்க வேண்டும். கேட்டது தெரிந்த மொழிச் சொல்லாகத் தோன்றாவிடில் ஒலியை ஒலியாகவே எழுத வேண்டும். இவ்விதியின் பயனைக் குல்லா மொழி ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது.

தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் வழங்கும் குல்லாவை, பழைய ஆங்கில வட்டார வழக்குகளின் சிதைவு என்றே அறிஞர் பலர் கருதியிருந்தனர். ஃபிஸ்கில் ஆங்கிலத் துறைத் தலைவராயிருந்த லொரென்சோ டௌ டர்னர், 1930-களின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியுடன் அத்தீவுகளுக்குச் சென்றார். தீவு மக்கள் அயலாரிடம் தம் ஆங்கிலப் பெயரையே கூறுவர். வீட்டில் வழங்கும் பெயர் வேறு. டர்னர் நெருங்கிப் பழகி அவ்வீட்டுப் பெயர்களைக் கேட்டறிந்தார். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளை அறிய 1930-களின் பிற்பகுதியில் இலண்டன் சென்று பயின்றார். 1949-இல் வெளிவந்த அவர் நூலில் ஆப்பிரிக்க மூலமுடைய ஏறத்தாழ 4,000 சொற்கள் இடம்பெற்றன; பெரும்பகுதி ஆட்பெயர்கள். முன்னைய அறிஞர் கேட்ட கேள்விக்கு அப்பெயர்கள் விடையாக வந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்னும் இடத்தில் அமீலியா டாலி என்ற பெண்மணி 1933-இல் அவருக்கு ஒரு பாட்டைப் பாடிக்காட்டினார். தாய்வழியாக வந்த பாட்டு அது. அதன் பொருள் பாடியவர்க்கும் தெரியாது, டர்னருக்கும் தெரியாது. டர்னர் அதை ஆங்கில ஒலிகளுக்கு வளைக்காமல், ஒவ்வோர் ஒலியையும் கேட்டபடி பதிந்தார். அமெரிக்காவில் பயின்றுகொண்டிருந்த சியரா லியோன் மாணவர் ஒருவர் அதைக் கேட்டு, தம் நாட்டு மெண்டே மொழி என இனங்கண்டார். அமிஸ்தாத் கப்பலினரின் மொழியும் அதுவே.

டர்னரின் ஒலிப்பதிவுகள் இண்டியானா பல்கலைக்கழகக் காப்பகத்திலும், அவர் தாள்கள் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலும் பாதுகாக்கப்பட்டன. அரை நூற்றாண்டு கழித்து, மானிடவியலாளர் ஜோசஃப் ஒப்பாலா, இசையியலாளர் சிந்தியா ஷ்மிட், சியரா லியோன் மொழியியலாளர் டாசீஃப் கொரோமா ஆகியோர் அப்பதிவை எடுத்துக்கொண்டு மெண்டே ஊர்களில் தேடினர். சொற்களுள் ஒன்று ஒரு குறிப்பிட்ட பகுதியின் கிளைமொழிக்கு உரியது எனக் கொரோமா கண்டதால் தேடுமிடம் சுருங்கியது. 1990-இல் செனெஹுன் ங்கோலா என்னும் ஊரில், பேந்து ஜபாட்டி என்ற பெண்மணி அப்பாட்டை அறிந்திருந்தார். இறந்தோர்க்குச் செய்யும் சடங்கில் பெண்கள் பாடும் பாட்டு அது. அவர் பாட்டி அவருக்குக் கற்பித்தது. டாலியின் மகள் மேரி மோரன் அப்பாட்டைத் தம் தாயிடம் கற்று நினைவில் வைத்திருந்தார். சியரா லியோன் உள்நாட்டுப் போரால் தள்ளிப்போன பயணத்தை மேற்கொண்டு, 1997-இல் அவர் அவ்வூருக்குச் சென்று ஜபாட்டியைச் சந்தித்தார்.